அலுமாரி மறித்த பற்றரிகள்

போன மாதம் உங்கள் தொழிற்சாலையைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தலைக்கு வலை, கண்ணுக்குக் கண்ணாடி, சப்பாத்துக்கு மேல் உறை எல்லாம் மாட்டி, சத்திரசிகிச்சைக்குப் போகிற டொக்ரர் மாதிரி உள்ளே விட்டீர்கள். கார்களுக்குப் போடும் பற்றரிகளை இயந்திரக் கைகள் தூக்கித் தூக்கி அடுக்கின. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மத்தியானம் சாப்பாட்டு அறையில் உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள்:

"அன்ரி, உங்கட ரைமில கியூசி எல்லாம் இருந்ததா? இல்லாட்டி ஜஸ்ற் செய்து ஷிப் பண்ணுறதா?"

தரம் பார்க்கிற சோதனையைத்தான் கியூசி என்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. தேத்தண்ணி குடித்து முடிய அந்தக் கோபம் போய், வேறொன்று வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. இன்னும் அது எழும்பவில்லை. ஆகவே எழுதுகிறேன். பற்றரி எப்படிச் செய்தோம் என்று எழுதப் போவதில்லை. அந்த முறையில் இன்று இங்கே யாரும் செய்வதில்லை. உங்களுக்கு அது கதைக்கும் உதவாது. ஒரு பற்றரியை நல்லது என்றோ கெட்டது என்றோ எப்படித் தீர்மானித்தோம், அதில் எப்படிச் சறுக்கினோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலை செய்த கம்பனி ரொறொன்ரோவின் மேற்குப் பக்கத்தில், ரயில் பாதையோரம் ஒரு செங்கல் கட்டடத்தில் இருந்தது. இப்போது அங்கே கொண்டோ மாடிக் கட்டடம் நிற்கிறது. இந்த நாட்டில் உலர்மின்கலம் செய்யத் தொடங்கிய முதல் ஆட்களில் எங்கள் கம்பனியை ஆரம்பித்தவரும் ஒருவர் என்று வாசலில் ஒரு பித்தளைத் தகடு சொல்லும். அதற்கு முன்பு ரெலிபோனுக்கும் வீட்டு மணிக்கும் கண்ணாடிச் சாடியில் நவச்சார நீர் ஊற்றிய ஈரப் பற்றரிதான். இங்கத்தைக் குளிருக்கு அது உறையும், சாடி வெடிக்கும், தூக்கிக்கொண்டு போனால் சிந்தும். அந்த நீரை மாவோடு சேர்த்துக் களியாக்கி, துத்தநாகத் தகரக் குவளைக்குள் அடைத்து, நடுவில் காபன் கோலை நட்டு, வாயைத் தாரால் மூடிவிட்டால் அதுதான் உலர்மின்கலம். பெட்டியில் போட்டு எங்கேயும் அனுப்பலாம். பண்ணை வீட்டு ரெலிபோன், ரயில்வேக்காரரின் லாந்தர், கரண்ட் எட்டாத ஊர்களின் ரேடியோ என்று கம்பனி வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் இதே உலர்மின்கலத்தின் படத்தைக் கீறிப் பாகம் குறித்தவள் நான். ஒருநாள் அதைச் செய்துதான் சோறு தின்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் ரீச்சரிடம் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

ஆனால் கம்பனியின் தொடக்கத்தில் ஒரு பெரிய அவமானம் நடந்தது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அந்தக் கதையைச் சொல்வார்கள். மேற்கு மாகாணங்களின் பண்ணைகளுக்கு அனுப்பிய பற்றரிகள் மாரிக்குளிர் முடிவதற்குள் கசிந்து, சனங்களின் ரெலிபோன்களை அரித்துத் தின்றுவிட்டன. அனுப்பும் நாளில் அவை எல்லாம் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன. உலர்மின்கலம் என்பது பெயருக்குத்தான். உள்ளே ஈரம் இல்லாவிட்டால் மின்சாரம் வராது. அந்த ஈரம் வெளியே வராமல் பார்ப்பதுதான் ஒரு பற்றரித் தொழிற்சாலையின் முக்கால்வாசி வேலை. பிழையான பற்றரி செய்த அன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்கும். மாதங்கள் போனபின்தான் தன் குணத்தைக் காட்டும்.

அந்த அவமானத்துக்குப் பிறகு, கம்பனியை ஆரம்பித்த முதலாளி தன் கையாலேயே ஓர் அலுமாரி செய்தார். மேப்பிள் பலகை. பின்புறம் நீராவிக் குழாய் ஓடுவதால் உள்ளே எப்போதும் வெக்கை. ஒரே கலவையில், ஒரே ஓட்டத்தில் செய்த பற்றரிகளை 'லொட்' என்போம். ஒவ்வொரு லொட்டிலிருந்தும் ஒரு தட்டுப் பற்றரியை எடுத்து, அந்த அலுமாரிக்குள் பிறவுண் பேப்பர் விரித்து, தலைகீழாக நிறுத்தி வைக்க வேண்டும். சில கிழமைகள் அப்படியே நிற்கும். வாய் சரியாக மூடப்படாத பற்றரி என்றால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பூத்தால் அந்த லொட் வெளியே போகாது. முதலாளி இன்னொரு கட்டளையும் போட்டார். அலுமாரிக்குப் பெயின்ற் அடிக்கக் கூடாது, கழுவக் கூடாது, ஒரு பலகைகூட மாற்றக் கூடாது. எந்தக் காலத்துப் பற்றரியும் ஒரே பரீட்சையைத்தான் எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் போய், அவர் பிள்ளைகள் போய், கம்பனி வெளிநாட்டுக்காரர் கைக்கு மாறிய பிறகும் அந்தக் கட்டளை மாறவில்லை. விருந்தாளிகள் வந்தால் முதலில் அந்த அலுமாரியைத்தான் காட்டுவார்கள். தமிழ் ஆட்கள் அதற்குக் 'கிழவர்' என்று பெயர் வைத்திருந்தோம். "கிழவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டால், லொட் தேறிவிட்டதா என்று அர்த்தம்.

கிழவரைக் காத்தவர் எங்கள் நானா. யாழ்ப்பாணத்து முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நாங்கள் எல்லோரும் நானா என்றே கூப்பிட்டதால் எனக்கே அவருடைய முழுப்பெயர் பிந்தித்தான் தெரியும். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் ஊரை விட்ட கதை எங்கள் கதையை விடக் கசப்பானது. அவர் அதைப் பேச மாட்டார். முஸ்லிம் சனத்தை அங்கிருந்து துரத்தியது எங்கள் தமிழ் இயக்கம்தான், அதனால் எங்களுக்கும் கேட்க முகமில்லை. அலுமாரிப் பூட்டின் திறப்பும், லொட்டை வெளியே விடும் முத்திரையும் அவர் கையில். முத்திரை குத்தாத லொட்டை மனேஜர்கூட லொறியில் ஏற்ற முடியாது. அதுவும் பழைய முதலாளியின் கட்டளைதான்.

"கிழவரின்ரை பூசாரி வாறார், வழி விடுங்கோ" என்று நான் பகிடி பண்ணுவேன்.

"அல்லாஹ்வே, ஐஞ்சு நேரம் தொழுகிறவனைப் பூசாரியாக்கிப் போட்டியளே தங்கச்சி" என்று அவர் சிரிப்பார்.

எனக்குப் பற்றரிகளின் வாயைத் தாரால் மூடும் லைன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் அந்த லைனுக்குப் பொறுப்பாக்கினார்கள். வாய் மூடும் வேலைக்கு இவளை விடப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது என்று என் மனிசன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பொறுப்பெடுத்த புதிதில் ஒருமுறை என் லைனில் செய்த லொட் பூத்தது. நான் நானாவோடு சண்டைக்குப் போனேன். தார் ஊற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன், ஒரு பிழையும் நடக்கவில்லை என்றேன். அவர் ஒரு பற்றரியை எடுத்து வாயை உடைத்துக் காட்டினார். தாருக்குள் மயிரளவில் வெடிப்பு. தார் போதிய சூடில்லாமல் ஊற்றப்பட்டிருந்தது. பிறகு உடைத்துப் பார்த்த எல்லாப் பற்றரியிலும் அதே வெடிப்பு.

"கிழவர் பொய் சொல்லுறேல்லை, தங்கச்சி" என்றார்.

அன்றிலிருந்து நானும் அப்படியே நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? கண்ணால் கண்டேனே. ஒரு சோதனை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் அதன் பிறகு நாங்கள் பொருளைத்தான் சந்தேகப்படுவோம், சோதனையைச் சந்தேகப்பட மாட்டோம். உங்களுக்கும் அப்படித்தான். உங்கள் இயந்திரத் திரையில் பச்சை வந்தால் பச்சை, சிவப்பு வந்தால் சிவப்பு.

பிறகு கம்பனி தேயத் தொடங்கியது. சின்னப் பற்றரிகளை எல்லாம் தலைமைக் காரியாலயம் வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது லாந்தர் பற்றரி லைன் ஒன்றுதான். வீதி வேலை நடக்கும் இடங்களில் மினுங்கும் மஞ்சள் விளக்குகளுக்கும், கொட்டேஜ்காரர்களின் பெரிய ரோச் லைற்றுகளுக்கும் போடுகிற கனத்த சதுரப் பற்றரி. ஒரு வருடம் பனி உருகும்போது கிழவர் நின்ற அறையின் கூரை ஒழுகியது. சுவரோரமாகத் தண்ணீர் இறங்கியது. வாளி வைத்தோம். கிழவருக்குத் தடிமன் பிடிக்கப் போகிறது என்று பகிடி பண்ணினோம். கூரையைத் திருத்தக் கேட்டு மனேஜர் தலைமைக் காரியாலயத்துக்கு எழுதினார். பூட்டப் போகிற கட்டடத்துக்கு யார் கூரை போடுவார்கள்?

அந்தக் கோடையில்தான் பெரிய ஓர்டர் ஒன்று வந்தது. நாடெங்கும் கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், கரண்ட் நின்றால் பாவிக்கும் லாந்தர்களோடு சேர்த்து விற்க எங்கள் பற்றரியைக் கேட்டது. மாரிக்கு முன் கடைகளில் இருக்க வேண்டும். மனேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இந்த ஓர்டர் போய்ச் சேர்ந்தால் தொழிற்சாலை இருக்கும், போகாவிட்டால் பூட்டுத்தான். எங்கள் லைனில் நின்றவர்களில் பாதிப்பேர் தமிழர். பக்கத்துப் பார்க்டேல் பகுதி அப்பார்ட்மென்ற் ஒன்றில் ஒரே மாடியில் இருந்தவர்களே பலர். மற்றவர்கள் போர்த்துக்கீசர், போலந்துக்காரர், ஓரிரு வியட்நாம் பெண்கள். அந்தக் கோடையில் எவரும் லீவு கேட்கவில்லை. என் லைனில் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை நான் வீட்டுக்குப் போ என்று ஏசியும் அவள் போகவில்லை.

லொட் முடிந்தது. தட்டுக் கிழவருக்குள் போனது. கெடு நெருங்கியபோது நானா என்னையும் மனேஜரையும் அந்த அறைக்கு அழைத்தார். தட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்திருந்தார். சில பற்றரிகளின் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தது. அதிகமில்லை. மெல்லியதாக, உப்புக் கையால் தொட்ட மாதிரி.

 நான் உடனே வாயைத் திறந்தேன்.

"நானா, நாலைஞ்சிலை பூத்ததுக்கு முழு லொட்டையும் மறிக்கப் போறியளே?"

"நாலைஞ்சிலை பூத்தால் மிச்சத்திலை பூக்காதெண்டு உங்களாலை சொல்லேலுமோ, தங்கச்சி?"

"இந்தமுறை ஒவ்வொரு சட்டி தாரையும் நான் பார்த்தனான். சூடு சரியா இருந்தது."

"போனமுறையும் அதைத்தானே சொன்னனீங்கள்."

அது சுட்டது. நான் குரலை உயர்த்தினேன். "உது லாந்தர் பற்றரி. கொஞ்சம் உப்புப் பூத்தால் ஆற்றை உயிர் போகும்? இஞ்சை நிக்கிற சனத்தின்ரை வேலை போகப் போகுது, நானா. உங்கடை வேலையும்தான்."

"கரண்ட் நிண்ட வீட்டிலை ஒரு கிழவி லாந்தரின்ரை சுவிச்சை அமத்துவா. அது எரியாது. அவ இருட்டிலை படியாலை விழுந்தால் ஆர் பொறுப்பு?"

மனேஜர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்கு எல்லாம் விளங்கியது. கெட்ட மனிதர் இல்லை அவர். இன்னொரு தட்டு வைத்துப் பார்க்க நேரமில்லை என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு நானாவிடம், முத்திரை உன்னுடையது, நீ எதைச் சொல்கிறாயோ அதுவே நடக்கும் என்றார். பிற்காலத்தில் அந்தச் சொல்லுக்காக அவரும் தலைமைக் காரியாலயத்தில் நன்றாக ஏச்சு வாங்கிக் கட்டியிருப்பார்.

 நானாவுக்கு நகரின் கிழக்குக் கோடியில், மல்வேர்னில் வாடகை வீடு. படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். அந்த வயதில் இன்னோர் இடம் அவருக்கு இலேசில் கிடைக்காது என்பது எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கடைசியில் முத்திரையை எடுத்துத் தன் சேர்ட்டுப் பொக்கற்றில் போட்டார்.

"என்னாலை குத்த ஏலாது" என்றார். "கிழவர் பொய் சொல்லுறேல்லை."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகளே. அந்த அறையில் நின்ற மூன்று பேரும் முட்டாள்கள் இல்லை. மூன்று பேரும் மனதறிந்து ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் நாங்கள் என்னத்துக்குச் சண்டை பிடித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வெள்ளை கூடவா குறையவா, அதனால் கெடுதல் வருமா வராதா என்றுதான் முழு வாக்குவாதமும். அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பூத்த பற்றரிகள் அலுமாரியில் எந்த வரிசையில் நின்றவை என்றும் பார்க்கவில்லை. போனமுறை செய்தது போல ஒன்றின் வாயை உடைத்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. எனக்கு வேலை போகிற பயம். அவருக்குக் கெட்ட பற்றரி வெளியே போகிற பயம். இரண்டு பயங்கள் எதிரெதிரே நின்று கத்தினால் யோசனைக்கு அங்கே இடமில்லை.

கெடு தவறியது. கடை நிறுவனம் வேறிடத்தில் வாங்கியது. தலைமைக் காரியாலயம் சொன்னபடி செய்தது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் லொக்கரைக் காலி பண்ணினோம். யாரும் நானாவோடு சண்டை பிடிக்கவில்லை. சிலர் கைகொடுத்தார்கள். சிலர் அவரைக் காணாதது போலப் போனார்கள். அவர் எல்லோருக்கும் ஒன்றையே சொன்னார்.

"என்ரை கையாலை ஒரு கெட்ட பற்றரியும் வெளியிலை போகேல்லை."

சாமான்களை அகற்றச் சில பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் நானும் ஒருத்தி. மறித்த லொட்டை முதலிலேயே லொறிகளில் ஏற்றி, உடைத்து அழிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். கிழவரைக் காட்சிக்கு வைக்க ஒரு நூதனசாலை கேட்டிருந்தது. பலகைகளைத் தனித்தனியாகக் கழற்றி ஏற்ற ஆட்கள் வந்தார்கள். முதல் தட்டுப் பலகையை நான்தான் எடுத்து நிமிர்த்தினேன். பலகையின் அடிப்புறம், சுவர்ப் பக்கமாக, நிலத்தில் உறைபனி படிந்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

கழற்றுவதை நிறுத்தச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் கொண்டு போன போத்தல் என் பையில் கிடந்தது. அதை நன்றாகக் கழுவித் துடைத்து, அந்தப் பலகையை மறுபடி அதன் இடத்தில் வைத்து, பிறவுண் பேப்பர் விரித்து, போத்தலைப் பின்வரிசையில் தலைகீழாக நிறுத்தினேன். இன்னொரு போத்தலை முன்வரிசையில் வைத்தேன். அலுமாரியைக் கடைசியாக ஏற்றச் சொல்லி அந்த ஆட்களிடம் கெஞ்சினேன். விசரி என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கிழமை முடிவில் திறந்து பார்த்தேன். முன்வரிசைப் போத்தல் சுத்தமாக இருந்தது. பின்வரிசைப் போத்தலின் வாயைச் சுற்றி மெல்லிய வெள்ளை.

உள்ளே பற்றரியும் இல்லை, களியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் போத்தல் பூத்திருந்தது.

இனிச் சொல்ல என்ன இருக்கிறது? முதலாளி காலத்திலிருந்து எத்தனையோ கெட்ட பற்றரிகள் அந்தப் பலகையில் கசிந்திருக்கின்றன. கழுவக் கூடாது என்ற கட்டளையால் அந்த நவச்சாரம் முழுவதும் மரத்துக்குள்ளேயே கிடந்தது. மரம் காய்ந்திருந்த காலமெல்லாம் அது பேசாமல் இருந்தது. கூரை ஒழுகிப் பின்பக்கம் ஈரமானதும் உப்பு கரைந்து, வெக்கைக்குப் பேப்பரால் ஊறி, அங்கே நின்ற எதன் வாயிலும் ஏறிவிட்டது. செத்துப்போன கெட்ட பற்றரிகளின் உப்பு எங்கள் நல்ல பற்றரிகளில் பூத்திருக்கிறது. அந்த லொட்டில் நான் வீட்டு ரோச்சுக்கென்று வைத்திருந்த ஓரிரண்டு, வருடக்கணக்கில் ஒரு பொட்டு வெள்ளையும் இல்லாமல் இருந்தன. உங்கள் ஆய்வுகூடத்தில் ஒன்றும் போடாத வெறும் மாதிரியையும் கூடவே வைத்துச் சோதிக்கிறீர்கள் என்று அன்றைக்குக் காட்டினீர்கள். அதைக் கண்டதும் நான் ஏன் பேசாமல் போனேன் என்று இப்போது விளங்கும்.

நானாவுக்குச் சொல்வதா விடுவதா என்று எனக்குள் பெரிய போராட்டம். சொல்லாவிட்டால் அவர் நிம்மதியாக இருப்பார். வேலை போனாலும் தலை நிமிர்ந்து நடக்க அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வசனம்தான். ஆனால் பொய்யான ஒன்றில் அவரைச் சாய்ந்திருக்க விடவும் மனம் வரவில்லை. பஸ்ஸில் மல்வேர்னுக்குப் போனேன். போத்தலைப் பையில் வைத்திருந்தேன். அவர் மனைவி பிளேன்ரீயும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். நானா சந்தோசமாக இருந்தார். அஜக்ஸ் பக்கம் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். பிள்ளைகளுக்கு அலுமாரிக் கதையைச் சொல்லி வைத்திருந்தார். மூத்தவன், "வாப்பா நோ சொன்னவர், அன்ரி" என்று பெருமையாகச் சொன்னான்.

அந்த நேரமே நான் எழும்பி வந்திருக்கலாம். வரவில்லை. பிள்ளைகள் உள்ளே போனதும் போத்தலை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவர் அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். எங்கள் தொழிற்சாலைப் பழைய ஆட்களின் கெட்ட பழக்கம் அது.

"நவச்சாரம்தான்" என்றார்.

 தேத்தண்ணி ஆறிப்போயிற்று. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டார்:

"மற்ற ஆக்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை நானா. தெரியத் தேவையுமில்லை. நடந்தது நடந்துபோச்சு."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார்.

ஓம் என்றேன். மறைக்கச் சொல்கிறார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே கேட்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். அவரைப் பற்றி அப்படி நினைத்ததை எண்ண இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சில கிழமைகளில் போன் வரத் தொடங்கியது. முதலில் என் லைனில் நின்ற போர்த்துக்கீசப் பெண். நானா தன் வீட்டுக்கு வந்ததாகவும், அந்த லொட் நல்லதென்று சொன்னதாகவும், தான் அழுததாகவும் சொன்னாள். பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். புது வேலை முடிந்த பின்னேரங்களில், கிடைத்த லீவு நாட்களில், பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி, எங்களோடு வேலை செய்த ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் அந்த மனிதர் போயிருக்கிறார். அஜக்ஸில் ஒரு வீட்டில் மேசையில் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெடியன் வாய்க்கு வந்தபடி ஏசினான். பார்க்டேலில் ஒருவர் கதவே திறக்கவில்லை. நானா கீழே வாசலில் நின்று, போகிற வருகிற சனம் பார்க்க, இன்ரர்கொம்மில் முழுவதையும் சொல்லிவிட்டு வந்தாராம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது அவள், "இதுக்கு ஏன் நானா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? ஒரு போன் அடிச்சிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறாள். போனில் சொன்னால் முகத்தைப் பார்க்காமல் தப்பிவிடலாம் என்றாராம்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. கூரையைத் திருத்தாத ஆட்கள் யாருடைய வீட்டுப் படியும் ஏறவில்லை. ஓர் அலுமாரியைக் கோயிலாக்கி வைத்தவர்கள் எப்போதோ செத்துப்போனார்கள். கடைசியில் இருந்த நாங்கள் எல்லோருமாகச் செய்த பிழையை அந்த ஒரு மனிதர் மட்டும் தன் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தார்.

பனி விழுந்து வீதியெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். நானா தொப்பியைக் கையில் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ நானா, குளிருது" என்றேன்.

"இல்லைத் தங்கச்சி. பஸ் வரப்போகுது. ஒரு விசயம் சொல்லத்தான் வந்தனான்."

எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. "எனக்குத்தான் தெரியுமே நானா. நானெல்லோ போத்தலைக் கொண்டுவந்து உங்களுக்குச் சொன்னது?"

அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும். ஆனா நான் உங்களுக்குச் சொல்லேல்லையே."

பிறகு நிமிர்ந்து நின்று, மற்ற வீடுகளில் சொன்னது போலவே எனக்கும் சொன்னார்.

"அந்த லொட் நல்ல லொட். மறிச்சது நான். உங்கடை வேலை அதாலைதான் போனது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

 கதவைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சேற்றுப் பனியில் வழுக்காமல் மெதுவாக நடந்து, பஸ் தரிப்புக்குப் போனார். நானும்தான் அந்த மேசையடியில் நின்றேன், அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று நானும்தான் கேட்கவில்லை, பிழை உங்களுடையது மட்டுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தபோது பஸ் வெளிக்கிட்டுவிட்டது. பிறகு எத்தனையோ தரம் போனில் கதைத்தோம். அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை.